சீல் பிரிக்காத பெட்டிகள்

"கிராபிக்ஸ் கார்டு விலை ஏன் இப்படி ஏறுது?"ன்னு எவனாவது கவுண்டர்ல கையை ஊனி நின்னா, எனக்கு இப்பல்லாம் பதில் சொல்லவே வாய் வரமாட்டேங்குது. நானா ஏத்தறேன்? கில்மோர் தெருவுல ஒரு கம்ப்யூட்டர் கடையில சம்பளத்துக்கு நிக்கிறவ நான். முதலாளி போன்ல புது விலை அனுப்புவாரு. நான் பழைய ஸ்டிக்கரைச் சுரண்டிட்டுப் புதுசை ஒட்டுவேன். மொதல்ல, எவனோ கார்டுகளை அடுக்கி வெச்சு கம்ப்யூட்டர்ல டிஜிட்டல் காசு தோண்டுறான்னாங்க. அப்புறம் கப்பல் வரலன்னாங்க. அப்புறம் டாலர். இப்ப என்னடான்னா, பெரிய கம்பெனிங்க மெஷினுக்கு அறிவு வளக்குறாங்களாம், சிப்பையெல்லாம் அவங்களே மொத்தமா அள்ளிக்கிறாங்களாம். நல்லா வளக்கட்டும். இங்க என் நகம்தான் தேயுது.

அதிக தடவை வந்து விலை கேட்டவரு மாங் போல்டோதான். எங்க ஊர்ல வயசுல மூத்த ஆம்பளையை மரியாதையா 'மாங்'னுதான் கூப்பிடுவோம். நாள் பூரா நெரிசல்ல திணர்ற எட்சா ரோட்டுல பஸ் ஓட்டுறவரு, அம்பது தாண்டின மனுஷன். சனிக்கிழமை ஷிப்ட் முடிஞ்சா நேரா இங்க வந்துடுவாரு. கையில எனக்கு ஒரு பொட்டலம் தூரோன், சர்க்கரை தூவிச் சுருட்டிப் பொரிச்ச வாழைப்பழம், சூடா.

"சும்மா விலை கேக்கத்தான் வந்தேன், தங்கச்சி."

"அதான் தெரியுமேண்ணே. உக்காருங்க. போன வாரத்தை விட ஏறிடுச்சு."

"இன்னுமா?"

"இன்னும்தான்."

கார்டைத் தவிர மத்ததெல்லாம் வாங்கிட்டாரு. மொதல்ல மதர்போர்டு, அப்புறம் கேபினெட், பவர் சப்ளை, பிராசஸர், மெமரி. கையில காசு சேரும்போதெல்லாம் கார்டு ஒரு படி மேல ஏறி நிக்கும். சேத்த காசு வீணாப் போகக்கூடாதுன்னு வேற எதையாவது வாங்கிட்டுப் போவாரு. ரெண்டு வருஷம் இப்படியே ஓடுச்சு.

எதுக்கு இந்தப் பாடுன்னு ஒருநாள் கேட்டேன்.

"நாள் பூரா முன்னாடி பம்பர், பின்னாடி ஹாரன். ஆளே இல்லாத ரோட்டுல, பனி கொட்டுற ஊர்ல, ஒரு லாரியை நிம்மதியா ஓட்டணும். கம்ப்யூட்டர்ல அப்படி ஒரு விளையாட்டு இருக்குல்ல, அதுக்குத்தான்."

"வண்டி ஓட்டின அலுப்புத் தீர மறுபடியும் வண்டியா? நல்ல ஆளுண்ணே நீங்க!"

எங்க தெருவுல எந்தச் சாமான் வித்தாலும், வாங்கறவர் கண்ணு முன்னாடியே போட்டுக் காட்டித்தான் குடுப்போம். மாங் போல்டோ மட்டும் ஒத்துக்கவே மாட்டாரு. சீல் கிழிஞ்சா மதிப்பு போயிடுமாம். நாளைக்கே கஷ்டம்னா அப்படியே விக்கலாமாம்.

"எல்லாத்தையும் ஒரே நாள்ல பிரிப்பேன். கார்டு வரட்டும்."

"அண்ணே, வாரண்டி ஒரு வருஷம்தான். உள்ள ஏதாவது கோளாறுன்னா?"

"புதுப் பெட்டிடி. அதுல என்ன கோளாறு?"

தலையில அடிச்சுக்கிட்டேன். வேற என்ன செய்ய?

போன டிசம்பர்ல, வருஷக் கடைசி போனஸாத் தர்ற பதிமூணாம் மாசச் சம்பளம் வந்ததும் மனுஷன் வந்து நின்னாரு. தள்ளுவண்டியில அத்தனை பெட்டியும். புதுச் சட்டை, தலையில எண்ணெய், மாப்பிள்ளை தோத்தான்! "இன்னைக்கு விலை கேக்க வரல"ன்னாரு. அந்த நேரம் பாத்து என் போன் அதிர்ந்துச்சு. முதலாளி. எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? திறக்காம கவுத்து வெச்சிட்டு, ஸ்டிக்கர்ல இருந்த பழைய விலைக்கே மளமளன்னு பில் போட்டேன். அன்னைக்கு மாதிரி நான் சந்தோஷமா பில் போட்டதே இல்ல.

ருபென்தான் எங்க மெக்கானிக். ஒவ்வொரு பெட்டியா பிரிச்சு மாட்டினான். மாங் போல்டோ கிழிஞ்ச சீல் துண்டையெல்லாம் பொறுக்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. புதுக் கார்டைக் கடைசியாப் பிரிக்கலாம்னு, மொதல்ல கடைக் கார்டை வெச்சு ருபென் பட்டனை அமுக்கினான்.

ஒண்ணுமே நடக்கல. மறுபடி அமுக்கினான். பவர் சப்ளையை மாத்தினான், மெமரியை மாத்தினான். ஃபேன் கூடச் சுத்தல.

"போர்டு செத்துடுச்சு. பெட்டியில இருக்கும்போதே இப்படித்தான் இருந்திருக்கும்"னான்.

வாரண்டி முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்ணா வந்துச்சு. "எத்தனை தடவைண்ணே சொன்னேன்! ஒரே ஒரு தடவை போட்டுப் பாத்திருந்தா அன்னைக்கே மாத்திக் குடுத்திருப்போமே!"ன்னு கடைன்னும் பாக்காம கத்திட்டேன். அவரு கார்டுப் பெட்டியை மடியில வெச்சு, அந்த சீல் மேலயே விரலால தடவிக்கிட்டு உக்காந்திருந்தாரு.

"பிரிக்கலன்னா திருப்பித் தரலாம்ணே. அந்தக் காசுல போர்டு வாங்கிக்கலாம்"னேன்.

"அப்புறம் கார்டு?"

என் கண்ணு கவுத்து வெச்ச போன் மேல போச்சு. கார்டோட புது விலை அதுலதான இருக்கு?

சட்டுனு அவரே நகத்தால பெட்டியோட சீலைக் கிழிச்சாரு. "போட்டுப் பாத்துடு தம்பி"ன்னு ருபென்கிட்ட நீட்டினாரு.

கடை மெஷின்ல மாட்டினான். வேலையில்லாத நேரத்துல ருபென் ஓட்டுற லாரி விளையாட்டு அதுலயே இருக்கு, அதைப் போட்டு விட்டான். வெள்ளை வெளேர்னு ரோடு, ரெண்டு பக்கமும் பனி, ஒரு ஈ காக்கா இல்ல. மாங் போல்டோ ஸ்டூல்ல நிமிர்ந்து உக்காந்து ஓட்ட ஆரம்பிச்சாரு. வாங்க வந்தவங்களெல்லாம் பின்னாடி கூடிட்டாங்க. ஒரு இடத்துல சிவப்பு விளக்கு. ஆளில்லாத ரோடு. ஆனாலும் பிரேக் போட்டு நிறுத்தினாரு.

"போங்க தாத்தா, எவன் பாக்கப் போறான்!"னு ஒருத்தன் கத்தினான்.

"இருப்பா. இங்க நிக்கிறதுக்கு நல்லாருக்கு. பின்னாடி ஒருத்தனும் ஹாரன் அடிக்கல."

பச்சை விழுந்தும் கொஞ்ச நேரம் அப்படியே நின்னாரு. அப்புறம் தானே எழுந்து, கார்டைக் கழட்டச் சொல்லி, பெட்டியில பத்திரமா வெச்சாரு. கவுண்டருக்கு வந்தாரு.

"அந்த மதர்போர்டு இப்ப என்ன விலை, தங்கச்சி?"

கவுத்து வெச்ச போனைத் திருப்பினேன். முதலாளி அனுப்பினதுல கார்டோட சேத்து போர்டுக்கும் விலை ஏறியிருந்துச்சு. பொய் சொல்லிடலாமான்னு தோணுச்சு. சொல்லி என்ன ஆகப்போகுது? போனை அப்படியே அவரு பக்கம் நீட்டினேன்.

படிச்சுட்டுத் தலையாட்டினாரு. "சரி. அடுத்த சனிக்கிழமை வரேன்."

"எதுக்குண்ணே?"

"சும்மா விலை கேக்கத்தான்"னு சொல்லிட்டு, தள்ளுவண்டியை இழுத்துக்கிட்டுப் படியிறங்கினாரு.