குப்புறப் படுத்தவரின் கால்

திரையில் நரம்பு தேன்கூடு மாதிரி பளிச்சென்று தெரிந்தது. முழங்காலுக்குப் பின்னால் ஸ்கேன் கருவியை அழுத்திப் பிடித்து, ஊசிமுனை நரம்பில் படாமல் பக்கத்தில் போய் நிற்பதையும் மரத்துப்போக வைக்கும் மருந்து அதைச் சுற்றிப் படர்வதையும் மயக்க மருத்துவர் பார்த்துக்கொண்டிருந்தாள். அச்சுப் பிசகாத வேலை. என்ன பிரயோஜனம், கால் அல்லவா தப்பாகிப்போனது!

படுத்திருந்த லாரி ஓட்டுநருக்கு வலது பாதத்தில் கட்டி, அதை அறுத்தெடுக்கத்தான் இந்த ஊசி. பாதத்தின் மேல் பேனாவால் போட்ட குறி, அவர் குப்புறப் படுத்ததும் மெத்தைப் பக்கம் போய்விட்டது. ஊசிக்கு முன் ஒரு நிமிடம் நிறுத்தி, குறியைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. அவளும் கேட்கத்தான் செய்தாள்.

"அக்கா, இந்தக் கால்தானே?"

"இதேதான் கண்ணு. குறியைப் பாத்துட்டேன், நீ போடு," என்றாள் தலைமை நர்ஸ். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அக்கா சொன்னால் சொன்னதுதான். போட்டாள்.

திருப்பிப் படுக்கவைத்தபோது குறி மற்ற பாதத்தில் இருந்தது. அறுவை சிகிச்சை நின்றது. தலைமை மருத்துவர் வந்தார். அவளுடைய வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்பது அந்த வாரம் அவர் கையில்தான் இருந்தது.

"யார் சரிபாத்தது?"

"என்னை யாரும் கேக்கவே இல்ல சார். நான் மருந்து எடுக்கப் போயிருந்தேன்," என்றாள் அக்கா, கண் இமைக்காமல்.

மயக்க மருத்துவர் அக்காவையே பார்த்தாள். தப்பு தன்னுடையதும்தான், தானே குனிந்து பார்த்திருக்க வேண்டும். திட்டு விழுந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள், வேலை போனாலும் அழுதுவிட்டு எழுந்திருப்பாள். ஆனால் கண்ணு கண்ணு என்று கூப்பிட்ட வாயாலேயே இப்படிக் கழுத்தை அறுப்பாளா ஒருத்தி? அடிப்பாவி!

ஓய்வு அறையில் ஓட்டுநர் மரத்துப்போன காலைத் தடவிக்கொண்டிருந்தார். அவள் மன்னிப்புக் கேட்டாள்.

"நான் முழிச்சுட்டுதானேம்மா இருந்தேன். இந்தக் கால்ல எதுக்குன்னு தோணுச்சு. படிச்சவங்க ரெண்டு பேரும் அவ்வளவு உறுதியா பேசுறீங்களேன்னு வாயை மூடிக்கிட்டேன்." அவர் குரலைத் தாழ்த்தவில்லை. "பாத்துட்டேன், போடுன்னு அந்தம்மா சொன்னதும் காதுல விழுந்துச்சு. பெரிய டாக்டர்கிட்ட நான் சொல்லட்டுமா?"

வராந்தாவில் தலைமை மருத்துவரின் குரல் நெருங்கி வந்தது. அடுத்த கட்டிலில் அக்கா விரிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. சுருக்கமே இல்லாத அந்த விரிப்பை இழுத்து இழுத்துவிட்டாள், மறுபடியும் இழுத்தாள்.