அக்கா சொன்ன வேகம்

அக்காவுக்குப் பியானோ வாசிக்க வராது. பியானோவைப் பற்றி மணிக்கணக்கில் பேச வரும். தங்கை அதற்கு நேர்மாறு.

ஒரு பிரெஞ்சு இசையமைப்பாளரின் பியானோ உருப்படிகளைப் பல வருஷம் குடைந்து அக்கா ஆய்வேடு எழுதியிருந்தாள். உலகமே உருகிக் கேட்கும் அவருடைய மெதுவான உருப்படி ஒன்று சோகமே இல்லை, சுத்தக் கிண்டல் என்பது அவள் கட்சி. மாடிவீட்டில் ஓயாமல் தப்புத்தப்பாகச் சாதகம் செய்த ஒருவரைப் பழித்துக்காட்ட எழுதினாராம். அவர் கைப்பட எழுதிய தாளில் வேகம் இரண்டு மடங்கு, அச்சில்தான் மாறிவிட்டதாம்.

தங்கை பேர் வாங்கியதே அந்த உருப்படியால்தான். அவள் வாசித்தால் முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வரும்.

அக்கா பேச, தங்கை வாசிக்க, ஒரு நிகழ்ச்சிக்குப் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்தது. ஒத்திகை வீட்டுக் கூடத்தில் நடந்தது.

"இன்னும் கொஞ்சம் வேகமா."

"இதுக்கு மேல போனா பஸ்ஸைப் பிடிக்க ஓடற மாதிரி இருக்கும்."

"அவர் கிண்டல் பண்றார்டி."

"உன் காதுல வந்து சொன்னாரா? அழுதுட்டு இருக்கறவங்களைப் பார்த்து, அழாதீங்க, இது ஜோக்குன்னு நான் சொல்லணுமா?"

கடைசியில் தங்கை "பார்க்கலாம்" என்றாள். அந்தக் குடும்பத்தில் அதற்கு முடியாது என்று அர்த்தம்.

நிகழ்ச்சியன்று அரங்கம் நிறைந்திருந்தது. அக்காவின் பேராசிரியர் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார். அதுதான் வினை. அந்தத் தலையாட்டலில் அக்காவுக்கு ஊக்கம் தலைக்கேறி, இசையமைப்பாளர் குடியிருந்த வீட்டின் மாடிப்படியைக்கூடத் திரையில் காட்டி விளக்கினாள். பியானோ முன்னால் தங்கை விரல்களைச் சொடுக்கினாள், கூரையைப் பார்த்தாள், கொட்டாவியை விழுங்கினாள்.

அரங்கப் பொறுப்பாளர் மேடையோரம் வந்து தங்கையிடம் குனிந்தார்.

"மேடம், அடுத்த கூட்டத்துக்காரங்க வாசல்ல நிக்கறாங்க. சீக்கிரம் முடிச்சுக்குங்க."

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

அக்கா ஒருவழியாக, "இப்போது என் தங்கை வாசிப்பார்" என்று முடித்தாள். தங்கை அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கட்டைகள்மேல் கை வைத்தாள். வந்த கோபம் எல்லாம் விரலில் இறங்கியது. அக்கா சொன்ன வேகத்தையும் தாண்டி ஓடினாள்.

தாளில் இருந்தபடியேதான் வாசித்தாள்; ஆனால் அந்த வேகத்தில் இடது கை நொண்டி நொண்டிப் போனது. வலது கை ஒரே இடத்தில் தடுக்கியது, திரும்ப வந்தது, மறுபடி அங்கேயே தடுக்கியது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்த தடுக்கலில் பேராசிரியரின் தோள் குலுங்கியது. அதற்கடுத்ததில் தங்கைக்கே உதடு துடித்தது; வேண்டுமென்றே ஒரு கணம் திகைத்து நின்றுவிட்டு வாசித்தாள். அரங்கமே வெடித்துச் சிரித்தது. வாசலில் காத்திருந்தவர்களும் கைதட்டினார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பார்த்தியா? நான்தான் சொன்னேனே."

"நீ பேசிப் பேசி நேரத்தைத் தின்னுட்டே. அவசரத்துல வாசிச்சேன்."

"சிரிச்சாங்கல்ல?"

"சிரிச்சாங்க. ஆனா அந்தத் தடுக்கல்ல கொஞ்சம் நிக்கணும். உன் புஸ்தகத்துல அது இல்ல. சேர்த்துக்கோ."

அக்கா பேனாவை எடுத்தாள். "எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"எழுதினா தெரியாது. கேளு."

தங்கை பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து அதன்மேல் விரல்களை ஓடவிட்டு, வாயால் முணுமுணுத்தாள். அக்கா முதல்முறையாக ஒன்றும் பேசாமல் கேட்டாள்.