எண்பத்தைந்தில் மோதிய பஸ்

"கோவிச்சுக்காத தர்ஷினி. வேற யாராச்சும் காட்டுறதுக்குள்ள நானே காட்டிடுறேன்" என்று நசீரா போனை நீட்டினாள்.

மலைக்கோட்டைக்குக் கீழே உள்ள ஜவுளிக்கடையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து பில் கவுண்டர். மதியச் சாப்பாட்டு நேரம் என்பதால் கடையில் கூட்டம் இல்லை. தேவதர்ஷினி போனை வாங்கிப் பார்த்தாள்.

திரையில் ஒரு நீல நிற பஸ். நெற்றியில் 'மயிலம்மாள்' என்ற பெயர். இரு பக்கமும் புளியமரங்கள் நிற்கும் சாலையில் பறந்து வந்தது. சட்டென்று இடது பக்கம் திரும்பி ஒரு மரத்தில் மோதியது. கண்ணாடி தூளாகிச் சிதறியது. முகப்புத் தகரம் காகிதம் போலச் சுருண்டு உள்ளே போனது. டிரைவர் சீட்டில் காக்கிச் சட்டை போட்ட பொம்மை ஒன்று முன்னும் பின்னும் ஆடியது. அதையே மெதுவாக, பக்கவாட்டில் ஒரு தடவை, மேலிருந்து ஒரு தடவை காட்டினார்கள்.

"மக்களே, நிஜ போட்டோவையும் நம்ம கேம் பஸ்ஸையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. அதே நசுங்கல். இப்படி நசுங்கணும்னா எண்பத்தஞ்சு கிலோமீட்டர் வேகம் வேணும். நம்ம டிரைவர் அண்ணன் பஸ்ஸ ஓட்டல, ராக்கெட்டு விட்டிருக்காரு" என்றது ஓர் இளைஞனின் குரல். சேனலின் பெயர் 'திருச்சி டமால்'. ஆறு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

அந்த டிரைவர் அண்ணன் ரத்தினவேல், தேவதர்ஷினியின் அப்பா.

விபத்து நடந்து மூன்று வாரம் ஆகிறது. திருவெள்ளறையைத் தாண்டிச் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த பஸ். வயல் பாதையிலிருந்து ஒரு பைக் குறுக்கே பாய்ந்தது. அதில் வந்தவனைக் காப்பாற்ற ஸ்டீயரிங்கை ஒடித்ததில் மரம். பலருக்குச் சிராய்ப்பு. முன் சீட்டில் கீரைக் கூடையோடு உட்கார்ந்திருந்த மாரியாயிக்குத் தொடை எலும்பு முறிந்தது. அன்றைக்கு எல்லாரும், "வண்டி மெதுவாத்தான் வந்துச்சு, அந்தப் பைக்குக்காரன்தான் சனியன்" என்றார்கள். பத்து நாளைக்கு முன்னால் இந்த வீடியோ வந்த பிறகு அதே ஆட்களுக்கு ஞாபகம் மாறிவிட்டது; ஏனென்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. "அன்னைக்கு வண்டி பறந்துச்சுப்பா, நான் அப்பவே கம்பியக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்" என்று டீக்கடையில் சொல்கிறார்கள்.

பஸ் முதலாளி சின்னையா, நசுங்கிய பஸ்ஸைத் தன் ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, ரத்தினவேலை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாளைக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரணை. வேகம்தான் காரணம் என்று முடிவானால் லைசென்ஸ் போய்விடும். ரத்தினவேலுக்கு வேறு தொழில் தெரியாது. "முப்பத்தஞ்சுலதான் வந்தேன்" என்று ஒரு தடவை சொன்னார். அதற்குமேல் வாயே திறக்கவில்லை.

தேவதர்ஷினி சாயங்காலம் கடையில் அனுமதி கேட்டுக்கொண்டு கிளம்பி, ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினாள். அம்மா மண்டபம் ரோட்டில் அந்தப் பையன் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பை நசீராவே விசாரித்துச் சொல்லியிருந்தாள். அவன் பெயர் பூவரசன். இன்ஜினீயரிங் முடித்தவன். தினம் சாயங்காலம் நேரலையில் வண்டிகளை நொறுக்குவான்.

அவன் அம்மா கதவைத் திறந்தார். "தம்பி லைவ்ல இருக்கான்மா. நீ சப்ஸ்கிரைபரா?"

"ஆமாங்க."

"நெறைய பேரு தேடி வர்றாங்க. காபி போடட்டா?"

"வேணாங்க. உங்க பையனப் பாத்தா போதும்."

உள்ளறையில் மூன்று திரைகள், ஒரு ஸ்டீயரிங், தரையில் பெடல்கள். காதில் ஹெட்போனோடு அவன் ஒரு காரைச் சுவரில் மோதவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். தேவதர்ஷினி நேராகப் போய்க் கேமராவுக்கு முன்னால் நின்றாள்.

"சிஸ்டர், லைவ் போயிட்டிருக்கு" என்றான் அவன்.

"தெரிஞ்சுதான் வந்தேன். நான் ரத்தினவேல் பொண்ணு. நீங்க ராக்கெட்டு விட்டாருன்னு சொன்னீங்களே, அவரு பொண்ணு."

பக்கத்துத் திரையில் பார்வையாளர்களின் வரிகள் மளமளவென்று ஓடத் தொடங்கின.

"நான் யாரு பேரையும் சொல்லலைங்க."

"பஸ் பேரு போட்டீங்க, ரூட்டு போட்டீங்க, காலை ட்ரிப்புன்னு போட்டீங்க. பேர மட்டும் மரியாதையா விட்டுட்டீங்க, இல்ல?"

அவன் ஹெட்போனைக் கழற்றினான். "இங்க பாருங்க, இது சும்மா கார்ட்டூன் இல்ல. ஒவ்வொரு வண்டியும் ஆயிரக்கணக்கான புள்ளி, அதைக் கோக்குற கம்பின்னு செஞ்சிருக்கு. மோதுனா எந்தக் கம்பி எவ்வளவு வளையும், எது அறும்னு கம்ப்யூட்டர் கணக்குப் போடுது. நான் கையால நசுக்கல. பிசிக்ஸ் பொய் சொல்லாதுங்க."

"அந்தக் கம்பிக்கெல்லாம் பலம் எவ்வளவுன்னு யாரு சொன்னது?"

"பேஸ் மாடல் ரெடிமேடா கெடைக்கும். வெளிநாட்டு லாரி ஒண்ணை எடுத்து, மேல நம்ம ஊரு பாடிய ஏத்தினேன்."

"அப்போ பெயிண்ட் மட்டும்தான் எங்க பஸ்ஸு. இரும்பு வெள்ளைக்காரனோடது. அதை நசுக்க எண்பத்தஞ்சு வேணும்னா எங்கப்பா எண்பத்தஞ்சுல போனாரா?"

திரையில் ஒருவர், 'அக்கா பாயின்ட் பாயின்டா அடிக்குது' என்று எழுதினார்.

"அந்த நிஜ போட்டோவக் காட்டுங்க. பெருசா" என்றாள்.

அவன் காட்டினான். ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு இருந்தன. தார்ப்பாயை விலக்கி, கிட்டத்தில் நின்று எடுத்தவை.

"இது முதலாளி ஷெட்டுக்குள்ள எடுத்தது. எங்கப்பாவையே அங்க உள்ள விடல. உங்களுக்கு யாரு குடுத்தா?"

அவன் கை மைக் பொத்தானுக்குப் போனது.

"அதை ஏன் அமுக்குறீங்க? அதைக் கேட்ட ஆறு லட்சம் பேரும் இதையும் கேக்கட்டும்."

கையை எடுத்துக்கொண்டான். "பஸ் கம்பெனி ஆபீஸ்லேருந்துதான் அனுப்பினாங்க. வீடியோ போட்டா நல்லா ஓடும்னாங்க. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாதுங்க."

தேவதர்ஷினியின் காது சூடானது. முதலாளி ஒரு பக்கம் விசாரணை நடக்கட்டும் என்கிறார், இன்னொரு பக்கம் தீர்ப்பை எழுதிக் கொடுத்திருக்கிறார். திட்ட வாய் திறந்தாள். அதற்குள் நாலாவது படம் அவள் கண்ணில் பட்டது.

"இதைப் பெருசாக்குங்க. கிழிஞ்ச தகரத்துக்குப் பின்னாடி."

போன வருஷம் வேறொரு டிரைவர் இந்த பஸ்ஸை டோல்கேட் பக்கம் லாரியில் இடித்து, டிங்கரிங் முடிந்துதான் ரத்தினவேல் கைக்கு வந்தது. ஆயுத பூஜைக்கு டிரைவர் வீட்டு ஆட்கள் எல்லாரும் போய் வண்டி கழுவி, சந்தனம் வைப்பது வழக்கம். அன்று அவள் முகப்பில் சந்தனம் வைத்தபோது தகரம் விரலுக்கு அமுங்கியது. புது பெயிண்ட் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

படத்தில் இப்போது தெரிந்தது. தோசைக்கல் கனத்துக்கு, பள்ளத்தை மறைக்கும் பட்டி பூசியிருந்தார்கள். அதற்குப் பின்னால், பஸ்ஸின் அகலத்துக்கு ஓட வேண்டிய குறுக்கு இரும்பு இரண்டு ஓரத்திலும் துண்டாக நின்றது. நடுவில் கறுப்புப் பெயிண்ட் அடித்த ஏதோ ஒன்று. உடைந்த இடத்தில் வெள்ளையாக நார் நாராக இருந்தது.

"பலகை" என்றான் பூவரசன் மெதுவாக. "மரப்பலகை வெச்சிருக்காங்க."

"உங்க பஸ்ஸுல அந்த இரும்ப எடுங்க. எடுத்துட்டு அதே எண்பத்தஞ்சுல மோதுங்க."

'ஓட்டு ப்ரோ' என்று திரை முழுக்க வந்துகொண்டிருந்தது. அவன் ஏதேதோ தட்டி அந்தக் கம்பியை அழித்தான். பஸ் ஓடியது, மோதியது. முகப்பு மூன்றாவது வரிசை வரைக்கும் உள்ளே வந்தது. காக்கிச் சட்டைப் பொம்மை இருந்த இடமே தெரியவில்லை.

"இதுல டிரைவர் பொழைப்பாரா?"

"சான்ஸே இல்ல."

"எங்கப்பா வீட்டுல டீ குடிச்சிட்டிருக்காரு. வேகத்தைக் குறைங்க."

அறுபது. அப்போதும் டிரைவர் சீட்டு நசுங்கியது. ஐம்பது. நாற்பத்தைந்து. முப்பத்தைந்தில் மோதியபோது, கண்ணாடி சிதறிய விதமும் தகரம் மடிந்த கோடும் படத்தில் இருந்தபடியே வந்தன.

"அடேயப்பா, அப்படியே மேட்ச் ஆகுது" என்று பூவரசன் உற்சாகத்தில் நாற்காலியில் எம்பினான். "சிஸ்டர், இதைத் தனி வீடியோவாப் போடுறேன். செமையா ஓடும்."

"ஓடும். எங்கப்பா நசுங்கினாலும் உங்களுக்கு ஓடும், பொழைச்சாலும் ஓடும்" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள். அவன் அம்மா கையில் காபி டம்ளரோடு நின்றிருந்தார்.

உறையூர் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்த நேரலையைத் தெருவே பார்த்துவிட்டிருந்தது. ரத்தினவேல் கூடத்தில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"மாரியாயி மகன் பேசினான்" என்றார்.

"என்னவாம்? போன வாரம் கெட்ட வார்த்தையில திட்டினானே, மன்னிப்புக் கேட்டானா?"

"கேட்டான். எண்பத்தஞ்சுன்னு நம்பித் திட்டிட்டேன், மன்னிச்சுக்குங்கண்ணேன்னான். அப்புறம், முன்னாடி பலகைதான் இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமாண்ணேன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். மூன்று வாரமாக அவர் பேசாமல் இருந்ததற்குக் காரணம் தேவதர்ஷினிக்கு அந்த நிமிஷம் விளங்கியது.

"தெரியுமாப்பா?"

"டிங்கரிங் நடக்கும்போது பட்டறைக்குப் போயிருந்தேன், அப்பவே பாத்தேன். முதலாளிகிட்ட சொன்னேன். சீசன் முடியட்டும், புது இரும்பு போட்டுக்கலாம்னாரு."

"நீங்களும் ஓட்டினீங்க. ஒரு வருஷமா."

"நான் ஓட்டலைன்னா வேற ஒருத்தன் ஓட்டுவான்."

"அவன ஏன் கேக்கணும், உங்களத்தான் கேக்குறேன். அந்தம்மா தெனம் உங்களுக்குப் பக்கத்து சீட்டுலதான உக்காரும். பின்னாடி போய் உக்காருன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"எப்படிம்மா சொல்றது?"

"நான் ஊருக்கு முன்னாடி போய் நின்னு உங்களுக்காகக் கத்திட்டு வர்றேன். நீங்க, வேகமாப் போனாருன்னு பேரு வாங்கினாலும் பரவாயில்லன்னு இங்க உக்காந்திருக்கீங்க."

ரத்தினவேல் தலையை நிமிர்த்தினார். "வேகமாப் போனேன்னா அது ஒரு நிமிஷத் தப்பு தர்ஷினி. இது வருஷம் பூராப் பண்ணுன தப்பு. எதைச் சொல்லிக்கச் சொல்ற?"

போன் அடித்தது. முதலாளி. ரத்தினவேல் மகளைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சொல்லுங்க முதலாளி" என்றார். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் முதலில் அதட்டல், பிறகு குழைவு.

"இல்லைங்க, வீடியோவ எடுக்கச் சொல்ல மாட்டேன். வேலைக்கும் வரலைங்க. நாளைக்கு விசாரணையில முப்பத்தஞ்சுன்னு சொல்லுவேன், பலகையையும் சொல்லுவேன். ஆமாங்க, தெரிஞ்சேதான் ஓட்டினேன். அதையும் சேத்துத்தான் சொல்லப் போறேன். லைசென்ஸ் போனா போகட்டுங்க."

போனை வைத்தவர் பக்கத்திலிருந்த காலிச் சொம்பை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். தேவதர்ஷினி பார்த்தாள். தண்ணீர் கொண்டுவந்து தர மனம் வரவில்லை.

"காலைல விசாரணைக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றார். "மாரியாயிகிட்ட நேராச் சொல்லிடணும். நீயும் கூட வர்றியாம்மா?"

"வரல" என்றாள் அவள். "தனியாப் போங்க."