முப்பத்தெட்டாம் நம்பர்

காலை ஒன்பது பத்து. கண்ணாடிக்கடைக்காரர் ஓர் அம்மாளின் மூக்கின்மேல் சோதனைச் சட்டத்தை மாட்டி, வலக்கண்ணுக்கு வில்லை மாற்றிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. எடுக்கவில்லை. ஓய்ந்து, மறுபடி அடித்தது.

"எங்க இருக்க?"

அச்சகக்காரர். நீராவி என்ஜின் சங்கத்தில் அவருக்குப் பெயர் பத்துச்சக்கரம்.

"கடையில. ஆள் இருக்காங்க."

"ஆளை விடு. யார்டுக்கு வா. டேங்க்ல கை வச்சுட்டானுங்க."

"எந்த டேங்க்?"

"உனக்கு எத்தனை டேங்க்யா இருக்கு? புகைபோக்கி தரையில கிடக்கு. வா."

அவர் ஸ்கூட்டரில் பாதி வழி போன பிறகுதான் அந்த அம்மாளின் நினைவு வந்தது. ஒற்றைக் கண்ணை மறைத்துக்கொண்டு, இரும்புச் சட்டத்தோடு, கடைசி வரியைப் படித்தபடி உட்கார்ந்திருப்பார். திரும்பிப் போக மனம் வரவில்லை.

சங்கத்தில் ஒன்பது பேர். ஞாயிறுதோறும் அச்சகத்தின் பின்னறையில் காகிதக் கட்டுகளின்மேல் உட்கார்ந்து நீராவி என்ஜின்களைப் பற்றிப் பேசுவார்கள். பேசுவார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அடித்துக்கொள்வார்கள். ஆளுயரச் சக்கரத்தோடு மெயில் வண்டி இழுத்த என்ஜினைத் தவிர மற்றதெல்லாம் தகரடப்பா என்பார் கணக்கு வாத்தியார். மெயில் என்ஜின் வெறும் மினுக்கல் என்பார் அச்சகக்காரர். பத்துச் சக்கரமும் ஒரே பிடியாகத் தண்டவாளத்தைக் கவ்வி இழுக்கும் சரக்கு என்ஜின்தான் அவருக்கு என்ஜின். கண்ணாடிக்கடைக்காரருக்கு டேங்க். தண்ணீருக்கென்று பின்னால் இன்னொரு வண்டியை இழுத்துக்கொண்டு அலையாமல், தன் இரண்டு விலாவிலும் தானே சுமந்துகொண்டு, முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரி ஓடும் குள்ள என்ஜின்.

"தன் பாடு தனக்குன்னு போற ஆளு" என்பார் அவர்.

"அதான் பாதி வழியில தாகம் எடுத்து நின்னுடுது" என்பார் அச்சகக்காரர்.

யார்டில் பழைய இரும்புக்குப் போகும் என்ஜின்களில் ஒன்றைச் சங்கத்துக்கு விட்டுத்தர ரயில்வே அலுவலகம் ஒத்துக்கொண்டது. ஒன்றே ஒன்று. நம்பரை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஓட்டு எடுத்தார்கள். டேங்குக்கு நாலு, மெயிலுக்கு நாலு. அச்சகக்காரர் தன் பத்துச்சக்கரத்தோடு தனியாக நின்றார்.

கண்ணாடிக்கடைக்காரர் அவரை வாசலுக்கு அழைத்துப்போய்க் கெஞ்சினார்.

"டேங்க்ல முழுசா இருக்கறது இது ஒண்ணுதான்பா. இதுவும் போனா அந்த இனமே இல்ல."

"என்னோடதும் ஒண்ணுதான்."

"உன்னோடது எப்படியும் ஜெயிக்காது."

அச்சகக்காரர் கையிலிருந்த அச்சு மையைத் துணியில் துடைத்தார். துடைக்க ஒன்றும் மிச்சமில்லாத பிறகும் துடைத்தார்.

"டேங்க்னே எழுதிக்கோ" என்றார்.

பத்துச்சக்கர என்ஜினைப் போன மாதம் வெட்டினார்கள். மூன்று நாள் பிடித்தது. மூன்று நாளும் அவர் வேலி ஓரம் நின்றார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைத் திறந்துவிட்டு, மெஷின் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். பேச்சில் கலப்பதில்லை.

அந்த ஓட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் இது.

யார்டு வாசலில் அச்சகக்காரர் நின்றிருந்தார். இவரைக் கண்டதும் உள்ளே நடந்தார். மூன்றாவது தண்டவாளத்தில் டேங்க் நின்றது. புகைபோக்கி இருந்த இடத்தில் ஒரு வட்ட ஓட்டை. ஓட்டையின் விளிம்பு இன்னும் சிவப்பாகக் கனன்றது. ஒரு ஆள் மேலே ஏறி நின்று கேஸ் கட்டரின் தீயைச் சன்னமாக்கிக்கொண்டிருந்தான்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

மேஸ்திரி திரும்பினார். ஐம்பது வயதிருக்கும். கையில் நோட்டுப் புத்தகம், காதில் பேனா.

"வாங்க சார். இன்னொரு என்ஜின் பைத்தியமா?" என்று அச்சகக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "இவரு ஒன்பது மணிலேர்ந்து சாபம் விட்டுக்கிட்டு இருக்கார்."

"இது எங்க வண்டி. ஆபீஸ்லேர்ந்து ஆர்டர் வந்திருக்கணுமே."

"வந்துதே. நேத்து சாயந்தரம்." மேஸ்திரி நோட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "முப்பத்தெட்டாம் நம்பரை வெட்டாதேன்னு போட்டிருக்கு. அதை வெட்டி ஒன்பது நாள் ஆச்சு. போனதை எப்படி சார் ஒட்டவைக்கிறது? இது அம்பத்திரண்டு."

ஓட்டுநர் அறையின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் ஐம்பத்திரண்டு என்று எழுதியிருந்தது. ஒரு முழ உயரம். கண் சோதிக்கத் தேவையில்லாத எழுத்து.

கண்ணாடிக்கடைக்காரர் தாளைப் பார்த்தார். பெயிண்டைப் பார்த்தார். புரிந்தபோது தண்டவாளத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நம்பரைக் கண்டுபிடித்தவரே அவர்தான். இரண்டு வருடம் முன்பு ஒரு மத்தியானம் முழுக்க வண்டிக்கு அடியில் படுத்து, அடிச்சட்டத்தில் விரற்கடை கனத்துக்கு அப்பியிருந்த மசியைச் சுரண்டி, லென்ஸ் வைத்துப் பார்த்தார். முப்பத்தெட்டு என்று உளியால் கொத்தியிருந்தது. சக்கரங்களை இணைக்கும் தண்டிலும் அதே நம்பர். என்றோ பட்டறையில் இரண்டு வண்டிகளை ஒன்றாகப் பிரித்து, சட்டத்தை மாற்றிப் பூட்டிவிட்டிருக்கிறார்கள். முப்பத்தெட்டு என்று பெயிண்ட் அடித்து, பாய்லர் இல்லாமல் புதருக்குள் நின்ற கூட்டின் அடியிலும் போய்ச் சுரண்டினார். அங்கே ஐம்பத்திரண்டு. சட்டம்தான் உடம்பு, மற்றதெல்லாம் சட்டை என்பது சங்கத்தின் வேதம். அந்த ஞாயிறு எல்லாரும் கை தட்டினார்கள். அந்த இனத்தில் முதலில் வந்து இறங்கிய வண்டி முப்பத்தெட்டு. அது உயிரோடிருக்கிறது!

அன்றிலிருந்து ஒன்பது பேர் வாயிலும் அது முப்பத்தெட்டுதான். கடிதத்தில் அவர் அப்படியே எழுதினார். அச்சகக்காரர் அச்சடித்தார். மூன்று முறை பிழை பார்த்தார்கள். கணக்கு வாத்தியார் ஒரு கால்புள்ளியைக்கூடத் திருத்தினார். நம்பர் யார் கண்ணிலும் உறுத்தவில்லை. அவர்களுக்கு அது தப்பே இல்லை.

ஒன்பது நாள் முன்பு புதருக்குள் நின்ற கூட்டை வெட்டியதாகச் செய்தி வந்தபோது, "போலி ஒழிஞ்சுது" என்று சொன்னவரும் அவரே.

"எழுந்திரு" என்றார் அச்சகக்காரர். "உக்காந்து என்ன பண்ணப் போற?"

அவர் எழுந்தார். மேஸ்திரியின் கையைப் பிடித்தார். பிடித்தபிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தது, விடவில்லை.

"இதுதான் முப்பத்தெட்டு. அடியில எழுதியிருக்கு. வந்து பாருங்க."

மேஸ்திரி மறுக்கவில்லை. சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் சக்கரங்களுக்கு நடுவே தவழ்ந்து போனார். கண்ணாடிக்கடைக்காரர் போனின் வெளிச்சத்தைப் பிடித்தார். மேஸ்திரி கொத்திய எழுத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"ஆமா. முப்பத்தெட்டேதான்" என்றார். "யாரோ நிதானமான ஆளு கொத்தியிருக்கான்."

"அப்ப?"

"அப்ப ஒண்ணுமில்ல சார். எனக்குக் குடுத்த லிஸ்ட்டு பெயிண்டைப் பார்த்துப் போட்டது. நான் வண்டிக்கு அடியில படுத்து ஜாதகம் பார்த்துட்டா வெட்ட முடியும்?"

"பெயிண்டை மாத்திடலாம். இப்பவே. நான் வாங்கிட்டு வரேன். அம்பத்திரண்டை அழிச்சு முப்பத்தெட்டுன்னு எழுதிட்டா ஆர்டரும் வண்டியும் ஒத்துப்போயிடும்ல?"

மேஸ்திரி வெளியே தவழ்ந்து வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"நல்லாத்தான் யோசிக்கிறீங்க. முப்பத்தெட்டோட பித்தளை நம்பர் தகடு ஆபீசுக்குப் போயாச்சு. வெட்டினேன்னு நான் கையெழுத்துப் போட்டாச்சு. ஒரே நம்பர் ரெண்டு தடவை சாகாது சார்."

மேலே நின்ற ஆள், "அண்ணே, கேஸ் வீணாப் போகுது" என்றான்.

மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார். பிறகு கண்ணாடிக்கடைக்காரரின் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, "அணைச்சுட்டு இறங்கு" என்றார். "எல்லாரும் டீ குடிச்சுட்டு வாங்க. சார், அரை மணி நேரம். ஆபீஸ்ல பேசிப் பாருங்க. பாய்லர்ல தீ பட்டுட்டா அப்புறம் கடவுளே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. மத்தியானம் லாரி வருது. லாரிக்குள்ள நான் பாதியாவது ஏத்தணும்."

"ரொம்ப நன்றிங்க."

"நன்றியெல்லாம் எதுக்கு? எனக்கு எல்லா வண்டியும் ஒண்ணுதான். உங்க டேங்க் சின்னது, சுலபமா முடிஞ்சிடும். அந்தப் பத்துச்சக்கரம் இருந்துதே, அப்பப்பா. உயிரை வாங்கிடுச்சு. நாப்பது சிலிண்டர் தின்னுச்சு. அதுதான் சார் வண்டி."

அச்சகக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த முகத்தில் ஒரு கணம் பெருமை போன்ற ஒன்று வந்து போனதைக் கண்ணாடிக்கடைக்காரர் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ரயில்வே அலுவலகத்துக்கு அவர் போட்ட போன் நாலு மேசை தாண்டி ஒரு கிளார்க்கிடம் போய்ச் சேர்ந்தது. பெண் குரல். பொறுமையாகக் கேட்டது.

"சார், நீங்க எழுத்துல கேட்டது முப்பத்தெட்டு. நாங்க குடுத்தது முப்பத்தெட்டு."

"ஆமாம்மா. என் தப்புதான். என் தப்பேதான். அதை அம்பத்திரண்டுன்னு மாத்தி ஒரு வரி—"

"அதிகாரி மாத்தணும். டூர்ல இருக்கார். திங்கக்கிழமை வருவார்."

"இன்னிக்கு வியாழன்மா. அரை மணி நேரம்தான் குடுத்திருக்காங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

எதிர்முனையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. கதவு சாத்தும் சத்தம். குரல் தணிந்தது.

"சார், ஒரு வழி இருக்கு. நான் சொன்னதா வேண்டாம். இப்ப நீங்க சொல்றபடி பார்த்தா, ஒன்பது நாள் முன்னாடி அங்க வெட்டினது அம்பத்திரண்டு. சட்டத்துல கொத்தியிருக்கற நம்பர்தான் அசல்னு எங்க பழைய ரூல் புத்தகத்துலயும் இருக்கு. அன்னிக்கு லிஸ்ட்ல அம்பத்திரண்டு கிடையாது. லிஸ்ட்ல இல்லாத வண்டிய மேஸ்திரி வெட்டிட்டார்னு ஒரு புகார் எழுதி, போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. புகார் வந்தா விசாரணை. விசாரணை முடியற வரைக்கும் யார்டுல ஒரு ஆணியக்கூடத் தொட முடியாது. பத்து நிமிஷத்துல நானே தடை அனுப்பிடுவேன். அதுக்கு அதிகாரி வேண்டாம்."

"மேஸ்திரிக்கு என்ன ஆகும்?"

"கான்ட்ராக்டர் அவரை நிறுத்திடுவார். விசாரணைல பேர் அடிபட்ட ஆளை எந்த யார்டுலயும் சேர்க்க மாட்டாங்க. அது உங்களுக்கு எதுக்கு சார்? வண்டி நிக்கணுமா வேண்டாமா?"

போனை வைத்தார். அச்சகக்காரர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். சட்டைப்பையிலிருந்து ஆர்டர் எழுதும் புத்தகத்தை எடுத்து, வெற்றுத்தாள் பார்த்துத் திருப்பி, பேனாவோடு நீட்டினார்.

"எழுது."

"அந்த ஆளு என்ன பண்ணான்பா? நமக்காகத்தானே அணைச்சு வச்சிருக்கான்."

"என் வண்டி என்ன பண்ணுச்சு?"

கண்ணாடிக்கடைக்காரர் புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"பொய்யா எழுதச் சொல்றேன்? சட்டம்தான் உடம்பு, மத்ததெல்லாம் சட்டைன்னு ரெண்டு வருஷமா நீ சொன்னதைத்தான் எழுதச் சொல்றேன்." அச்சகக்காரர் பேனாவை அவர் கையில் திணித்தார். "மூணு நாள் நின்னேன்யா அந்த வேலி ஓரம். அதுக்கு ஈடா இது நிக்கும்னு நினைச்சுத்தான் நின்னேன். இதுவும் போச்சுன்னா நான் எதுக்கு ஓட்டுப் போட்டேன்? நீயே சொல்லு."

டீ குடிக்கப் போனவர்கள் இருவர் வாயைத் துடைத்தபடி திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பத்து ஐந்து ஆகியிருந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் வண்டியின் தண்ணீர்த் தொட்டித் தகரத்தில் புத்தகத்தைச் சாத்தி வைத்துக்கொண்டார். தகரம் வெயிலில் சுட்டது. மேலே வெட்டுப்பட்ட ஓட்டையிலிருந்து கரித்தூள் தாளின்மேல் உதிர்ந்தது. ஊதினார். தேதி போட்டார். ஐயா என்று எழுதி அடிக்கோடு இழுத்தார். கோடு கோணியது.

சட்டத்தின் நம்பரை எழுதினார். பெயிண்டின் நம்பரை எழுதினார். ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. லிஸ்ட்டில் இல்லாத வண்டி என்று எழுதினார். அடுத்து அதை வெட்டியவர் யார் என்று எழுத வேண்டும். பேனாவைத் தாளில் ஊன்றியபடி நின்றார். ஊன்றிய இடத்தில் மை பரவியது.

"சீக்கிரம்" என்றார் அச்சகக்காரர்.

யார்டில் உள்ள வெட்டும் மேஸ்திரி, என்று எழுதினார். அதற்கு மேல் பேர் தெரியவில்லை. கேட்டதே இல்லை.

பின்னால் சரளைக்கல்லில் காலடிச் சத்தம் கேட்டது. மேஸ்திரி. ஒரு கையில் இரண்டு டீ டம்ளர். ஒன்றை அச்சகக்காரரிடம் கொடுத்தார். மற்றதை நீட்டியபடி, தோளுக்கு மேலாகத் தாளை எட்டிப் பார்த்தார்.

"ஆபீசுக்கா சார்? எழுதுங்க, எழுதுங்க. சாட்சிக்கு என் பேரையும் போட்டுக்குங்க, நானும்தான் அடியில படுத்துப் பார்த்தேனே. எங்க, என்ன எழுதியிருக்கீங்க, கொஞ்சம் படிங்க?"