தைத்த பின் சொன்ன அளவு

கழுத்து பிடித்துக்கொண்டு மூன்று நாளாகிறது. இடப்பக்கம் திரும்பினால் தோள்பட்டை வரை சுள்ளென்று இழுத்தது. செங்கல் சுமந்தே காலம் தள்ளிய அம்மாவிடம் காலையில் போனில் இதைச் சொல்லியிருக்கக் கூடாது.

“ஏண்டி, கம்ப்யூட்டரைத் தலையில தூக்கிட்டா போறே?” என்று அம்மா சிரித்தாள்.

மகளுக்கும் சுமைதான், ஒரு வருடச் சுமை. ஓடுகிற மென்பொருளில் எந்த இடம் நேரத்தைத் தின்கிறது என்று அளந்து சொல்லும் கருவியை இவள் வேலை பார்க்கும் நிறுவனம் செய்கிறது. ஃபங்ஷன் எனப்படும் மென்பொருள் துண்டு ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் சும்மா காத்துக் கிடந்தது என்று காட்டும் பகுதி இவள் எழுதியது. நேற்றிலிருந்து அறிக்கையில் ஃபங்ஷன்களின் பெயர்கள் கந்தலாக வருகின்றன. கொஞ்ச நேரத்தில் கருவியே மல்லாந்து விடுகிறது. மாலைக்குள் சரியாகாவிட்டால் இவள் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மற்றதை வெளியிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார். வெட்டியதைத் திரும்ப ஒட்டிய வழக்கம் அந்த அலுவலகத்தில் கிடையாது.

“மையப் பகுதியிலதான் சார் கோளாறு. என் கோட்ல ஒண்ணுமில்லை” என்று அடித்துச் சொன்னாள்.

கருவியின் மையப் பகுதி, எல்லோரும் கஞ்சன் என்று சொல்லும் மூத்தவர் எழுதியது. அங்கே ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் நினைவகத்தில் ஒரு பெட்டி உண்டு. உள்ளே பெயர், முகவரி, நீளம், அவ்வளவுதான். அதில் ஒரு பைட் இடம் கூடுதலாகக் கேட்டால் சொத்தில் பங்கு கேட்டதுபோல் முகம் சுளிப்பார். அந்தப் பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். பெட்டியில் சொந்தத் தகவல் வைக்க நினைக்கும் மற்ற பகுதிக்காரர்கள் எவ்வளவு இடம் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெட்டி செய்யும்போதே அந்த அளவுக்கு ஒரு தனிப்பையும் சேர்த்துத் தைத்துவிடும் அவருடைய நிரல். பைக்குள் என்ன வைக்கிறார்கள் என்று அவர் எட்டிப் பார்ப்பதில்லை.

அன்று கஞ்சன் லீவு. மேலாளர் போன் போட்டு வரவழைத்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டையும் சென்ட் வாசனையுமாக வந்து நின்றார்.

“எங்கண்ணே கிளம்பியிருந்தீங்க?”

“சின்னவ ஸ்கூல்ல நாடகம். மரமா நிக்கிறா. வசனம் கிடையாது, அசையக்கூடாது. ஒரு வாரமா வீட்ல அசையாம நின்னு உயிரை வாங்குறா.”

“அண்ணி ஒண்ணும் சொல்லலையா?”

“சொல்லாம? உரிச்சு உப்புத் தடவித்தான் அனுப்பியிருக்கா. சரி காட்டும்மா, என் வீட்ல எங்க ஓட்டை?”

ஓட்டை கிடைக்கவில்லை. தன் நிரலை வரி வரியாகப் படித்துக்கொண்டு போனார். நடுவில் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். இவள் இன்னொரு திரையில், பெட்டி பிறக்கும்போதெல்லாம் தனிப்பையின் அளவைச் சொல்லும்படி ஒரு வரி சேர்த்து ஓட்டினாள்.

சைபர். அடுத்த பெட்டியும் சைபர். நூற்றுக்கணக்கில் சைபராகவே ஓடி, பிறகுதான் இவள் கேட்ட பதினாறு வந்தது.

போன வாரம் அறிக்கை சீக்கிரம் வரட்டும் என்று, ஃபங்ஷன் பெயர்களைத் தொடக்கத்திலேயே ஏற்றும் வசதியைச் சேர்த்தவள் இவளேதான். ஏற்றிய கையோடு பெட்டிகள் பிறந்துவிட்டன. பைக்கு அளவு சொல்லும் வரியோ அதற்குக் கீழே கிடந்தது. பையே இல்லாத பெட்டிகளுக்குள் இவள் கணக்கைத் திணித்திருக்கிறாள், அது பக்கத்துப் பெட்டியின் பெயரில் போய்க் கொட்டியிருக்கிறது.

அந்த ஒரு வரியை மேலே தூக்கி வைத்து ஓட்டினாள். எல்லாம் பதினாறு. பெயர்கள் முழுசாக வந்தன, காத்திருந்த நேரங்களும் வரிசையாக நின்றன. பெரிய கோப்பு, சின்னக் கோப்பு, நேற்று மல்லாத்திய கோப்பு எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்தாள். கருவி அசராமல் ஓடியது. கண்ணில் நீர் முட்ட, திரையைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

மேலாளர் வந்து பார்த்தார். “வெட்ட வேண்டாம்ல?”

“வேண்டாம் சார்.”

“அப்ப சேர்த்தே அனுப்பிடு” என்று போய்விட்டார்.

“என் வீடு சுத்தம்தானே?” கஞ்சன் எழுந்து சட்டையை நீவிக்கொண்டார்.

“சுத்தம்ணே. நான்தான் லேட்டா அளவு சொல்லியிருக்கேன்.”

“பை தைச்சப்புறம் வந்து அளவு சொன்னா தையல்காரன் என்னம்மா பண்ணுவான்?” சிரித்தார். அப்போது அவர் போன் அடித்தது. “முடிஞ்சுதா... அசையாம நின்னாளா?... வீடியோ எடுத்தியா? ம்... சரி விடு” என்று பேசிக்கொண்டே படியிறங்கினார்.

இவள் ஜன்னல் பக்கம் போய் ஒரு டம்ளர் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தாள். ஒரு வருட உழைப்பு குப்பைக்குப் போகவில்லை. இன்று ராத்திரி தூக்கம் வரும். கீழே கஞ்சன் வண்டியை உதைத்துக் கிளப்புவது தெரிந்தது. கூப்பிட வாயெடுத்தாள், அதற்குள் அவர் தெருமுனை திரும்பிவிட்டார். பறிபோன லீவை மேலாளர் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆராயாமல் அவர்மேல் பழி போட்டு, மகளின் நாடகத்துக்குப் போக விடாமல் செய்ததற்கு இவள் கேட்க வேண்டிய மன்னிப்பு அப்படியே பாக்கி நிற்கிறது.