எழுதாததெல்லாம் கூடாது

பந்தயத்துக்கு முன் நடக்கும் பரிசோதனையில் காரை நிராகரித்துவிட்டால் சகாய பிரவீன் பந்தயக் கோட்டுக்கே போக முடியாது. கம்பெனியில் செய்தபடியே இருக்கும் கார்கள் மட்டும் ஓடுகிற பிரிவு அது. எதை மாற்றலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு விதிப்புத்தகம் கொடுத்திருந்தார்கள். திண்டிவனம் பைபாஸ் ஓரத்து ஷெட்டில் அதைப் படித்துச் சொல்வது தங்கை இருதயசெல்வியின் வேலை. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள், அகராதியை மடியில் வைத்து எழுத்துக்கூட்டுவாள். படிக்கப் படிக்க எறும்பளவாகி எஞ்சினுக்குள் இறங்கிவிடுவாள். குழாய்களில் கடல் இரையும். வால்வுகள் இமைபோல மூடித் திறக்கும்.

"செல்வி, கால் வெக்கற ரப்பர் மேட்டுக்கு அடியில சத்தம் அடக்கற கம்பளி ஒட்டிக்கினு இருக்கே, அதைப் பத்தி எதனா போட்டிருக்கா?"

"ஒண்ணும் போடலண்ணா."

"அப்போ எடுத்துரலாம், கனம் குறையும். நோன்பு வெள்ளிக்கிழமை கறி கூடாதுன்னுதானே சர்ச்சு சாமியாரு சொன்னாரு? கருவாடு கூடாதுன்னா சொன்னாரு?"

பிய்த்த கம்பளியைப் பக்கத்து வீட்டுச் சவுரியம்மாள் வாங்கிப்போய் ஆட்டுக்குட்டிகளுக்கு விரித்தாள்.

பந்தயத்துக்கு முந்தின மத்தியானம் செல்வி முதல் பக்கத்துக்கு வந்தாள். அதுவரை அதைத் தாண்டியே போயிருந்தாள். ஜெபப் புத்தகத்தில் யார் முன்னுரை படிக்கிறார்கள்? அனுமதித்து எழுதாத எந்த மாற்றமும் கூடாது என்றிருந்தது. எஞ்சினின் கடல் சட்டென்று வற்றியது.

ஸ்பேனர் தேடுகிறவள்போல அண்ணனைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"இந்தப் புக்கு நம்ம நோன்பு மாதிரி இல்லண்ணா. எழுதாததெல்லாம் கூடாதாம்."

"பேஜாரு புடிச்ச புக்கு!" என்று பிரவீன் தலையில் அடித்துக்கொண்டான்.

கம்பளியைத் திருப்பிக் கேட்கப் போனபோது சவுரியம்மாள் லேசில் விடவில்லை. "குட்டிங்க தூங்கிக்கினு இருக்குது. குடுத்தத்தப் புடுங்க வர்றியே, காரு என்னா மாசமா இருக்குதா, குளிருதா அதுக்கு?"

கம்பளியை அலசி, காயவைத்து, இருட்டுவதற்குள் ஒட்டினார்கள்.

மறுநாள் களத்தில் பனி விலகவில்லை. கார்கள் மேகத்தில் மிதப்பவைபோல நின்றன. பரிசோதகர் ரப்பர் மேட்டைத் தூக்கி விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு கார் தேறியதற்கான வில்லையைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு அடுத்த காருக்குப் போனார்.

கோட்டருகே பிரவீன் ஜன்னலை இறக்கினான். "பச்சை வெளக்கு எரியறதுக்கு முன்னாடி கெளம்பினா என்னா ஆவும்? அதுக்கும் எதனா எழுதியிருக்கா?"

அத்தனை ஜனத்துக்கு நடுவே செல்வி கத்தினாள்: "கெளம்பாதண்ணா!"