சாட்சிக் குடுவை

என் வேலை மூத்திரம் பார்ப்பது. சொன்னால் சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். அதில் வரும் புழுமுட்டைக்கு உயிர் இருக்கிறதா என்று சொல்ல இந்த ஊரில் என்னை விட்டால் ஆள் இல்லை.

இந்த முறை வந்தது என் தங்கையின் மாதிரி. ஏரியில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள். வெளியூரில் ஏதோ ஆற்றில் குளித்து, மூத்திரத்தில் ரத்தம் போகிற இந்தப் புழுநோயை வாங்கிவந்தாள். மருந்து சாப்பிட்டதும் ரத்தம் போவது நின்றது, முட்டை நிற்கவில்லை. செத்த முட்டை கொஞ்ச நாள் வரத்தான் செய்யும். உயிருள்ளது என்றால்தான் வம்பு: ஏரியில் விழுந்து, நத்தைக்குள் வளர்ந்து, பிள்ளைகளின் தோலைத் துளைக்கும். நான் எழுதிக்கொடுத்தால்தான் அவள் தண்ணீரில் இறங்கலாம். அதுவரை வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தாள்.

முட்டைகளைக் கழுவி, நல்ல தண்ணீரில் விட்டு விளக்கடியில் வைப்போம். உயிர் இருந்தால் பொரிந்து குஞ்சுப்புழு நீந்தும். அவள் குடுவையில் ஒன்றும் அசையவில்லை. சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்தில் எப்போதும் ஒரு சாட்சிக் குடுவை வைப்போம். இதே நோய் இருந்தும் இன்னும் மருந்து தொடங்காத ஒருவருடையது. அதில் நீந்தியே ஆகவேண்டும். அதிலும் அசைவில்லை. தண்ணீரை மோந்து பார்த்தேன். குப்பென்று குளோரின். குளோரின் போவதற்காக இரவெல்லாம் திறந்து வைத்த தண்ணீர் தீர்ந்துபோனதால், என் கூட வேலை செய்கிறவர் குழாயிலிருந்து நேரே பிடித்து ஊற்றியிருக்கிறார். குளோரினில் எந்தக் குஞ்சு பிழைக்கும்? மனிதரை ஒரு பிடி பிடித்தேன்.

தங்கையிடம் இந்தச் சோதனை செல்லாது என்றேன். அவள் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"உன் கையெழுத்துதானே அக்கா. கூடப் பொறந்தவளுக்குப் போட மாட்டியா?"

"கூடப் பொறந்தவளா இருந்தாலும் போட மாட்டேன். நாளைக்கு மறுபடி கொண்டா."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். ஆனாலும் மறுநாள் கொண்டுவந்தாள்.

இந்த முறை சாட்சிக் குடுவையில் குஞ்சுகள் கும்மாளம் போட்டன. அவளுடையதில் வெகுநேரம் ஒன்றுமில்லை. நானும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டுதான் இருந்தேன். கடைசியில் ஒன்றே ஒன்று, பாழாய்ப்போனது, இவளிடமே படித்ததுபோல் நேர்கோட்டில் நீந்தியது. லென்ஸை அவள் கையிலேயே கொடுத்தேன். பார்த்தாள். இன்னொரு தடவை மருந்து, அதுவரை ஏரி கிடையாது.

சாயங்காலம் அவளுக்குத் துணையாக ஏரிக்கரைக்குப் போனேன். முதுகுவலி என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று நினைத்தேன். பிள்ளைகளின் பெற்றோர்களைக் கூப்பிட்டு நோயின் பெயரைச் சொன்னாள், முட்டைக்கு உயிர் இருப்பதையும் சொன்னாள்.

"நேத்தே எறங்கியிருப்பேன். எங்க அக்கா விடல. அவ பாத்தா பாத்ததுதான்."

பெற்றோர்கள் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கரையில் நின்று, காலை நல்லா அடிங்க என்று பிள்ளைகளைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.